மயில்கழுத்து ஜாடி

கிரிவலம் போயிருக்கிறீர்களா? மொத்தம் 14 கிலோமீட்டர். பாதித் தூரம் தாண்டி, 'இன்னும் எவ்வளவு இருக்கு?' என்று கால்கள் கேட்க ஆரம்பிக்கும் இடத்தில் அடி அண்ணாமலை வரும். ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இருக்கிற ஊர். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இங்கேதான் என்று சொல்லி, அவருக்கும் ஒரு சன்னதி உண்டு.

அந்த ஊரில் எனக்கு ஒரு நண்பர். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். கிரிவலம் வந்தால் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் மோர் குடிக்காமல் நான் போனதில்லை. போன தடவை மோரோடு ஒரு ஜாடியும் வந்தது!

"சார், நீங்கதான் பழசு பத்தியெல்லாம் எழுதறீங்களே... இது எந்தக் காலத்துதுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

ஒன்றரை சாண் உயரம். குறுகிய கழுத்து, பருத்த வயிறு. பூ ஜாடி. ஆனால் ஆளைக் கட்டி இழுத்தது அதன் நிறம்தான். பச்சையா, நீலமா? இரண்டும்தான்! ஆங்கிலத்தில் 'டர்க்காய்ஸ்' என்பார்கள். நம் புடவைக் கடைகளில் 'மயில்கழுத்து' என்று எடுத்துப் போடுவார்களே, அதன் வெளிர் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"எங்க வீட்டுல இதுக்குப் பேரே சீனா ஜாடிதான். போன மாசம் ஒருத்தர் வந்து பார்த்துட்டு, 'ஐந்நூறு வருஷத்துச் சரக்கு, லட்சக்கணக்குல போகும்'னாரு" என்றார் நண்பர். குரலில் லேசான நடுக்கம்.

நான் ஜாடியை வாங்கி, அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தேன். நண்பர் பதறிப்போனார். ஏன் கவிழ்த்தேன் என்பதை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த நிறத்தின் ஜாதகத்தை ஒரு தடவை புரட்டிவிடலாம்.

டர்க்காய்ஸ் என்றால் 'துருக்கிக் கல்' என்று அர்த்தம். கல் விளைந்தது என்னவோ பாரசீகத்தில். துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால், பிரெஞ்சுக்காரர்கள் துருக்கியின் பெயரை வைத்துவிட்டார்கள். பெற்றவர் ஒருவர், பெயர் வாங்கியவர் இன்னொருவர்! இந்தக் கட்டுரை முழுக்க இதே கதைதான் வரப்போகிறது, கவனியுங்கள்.

கல் விலை அதிகம். எல்லோருக்கும் கட்டுப்படியாகுமா? அதனால் மனிதன் அந்த நிறத்தைச் சூளையிலேயே சமைக்கக் கற்றுக்கொண்டான். சமையல் குறிப்பு ரொம்பச் சுலபம். மணல், உவர்மண்ணில் இருக்கிற மாதிரியான சோடா உப்பு, கொஞ்சம் செம்பு. இதைப் பாண்டத்தின் மேல் பூசிச் சுட்டால் உருகிக் கண்ணாடியாகும். அதில் செம்பு கரைந்து மயில்கழுத்து நிறம் காட்டும். சோடாவுக்குப் பதில் ஈயம் சேர்த்தால்? அதே செம்பு பச்சை காட்டும். சூளையில் காற்றைக் குறைத்துப் புகைய விட்டால்? சிவப்பே வந்துவிடும்! ஒரே செம்பு, மூன்று வேஷம்.

இந்த வித்தை எவ்வளவு பழசு தெரியுமா? நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் ஒரு குட்டி நீர்யானை இருக்கிறது. செல்லப் பெயர் வில்லியம். எகிப்தில் கிட்டத்தட்ட 3,900 வருடங்களுக்கு முன் செய்தது. உடம்பெல்லாம் இதே நீலம்!

அப்புறம் இராக், இரான் பக்கத்துக் குயவர்கள் இதைப் பெரிய பெரிய ஜாடிகளில் பூசினார்கள். அவை அழகுக்கு அல்ல, பண்டங்களை அடைத்துக் கப்பலில் ஏற்றுவதற்கு. மெருகு பூசினால் உள்ளே இருப்பது ஒழுகாது, கசியாது. அன்றைய தகர டின் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! பண்டம் போன இடமெல்லாம் ஜாடியும் போனது. உடைந்ததைத் துறைமுகத்திலேயே வீசிவிட்டார்கள்.

அப்படி வீசப்பட்ட ஓடுகள் நம் வாசல் வரைக்கும் வந்திருக்கின்றன. இலங்கையின் மன்னார் பக்கம் மாந்தை. சம்பந்தர் பாடிய திருக்கேதீஸ்வரம் இருக்கிற அதே மாதோட்டம்தான். 1980-களில் ஜான் கார்ஸ்வெல் குழுவினர் அங்கே தோண்டியபோது, மேற்காசிய மெருகு ஓடுகளும் சீனத்து ஓடுகளும் சேர்ந்தே கிடைத்தன. கேரளத்தின் பட்டணம் என்ற ஊரில் 2007-ல் தொடங்கிய அகழாய்விலும் இந்த மயில்கழுத்து ஓடுகள் வந்தன. நம் ராமநாதபுரத்துப் பெரியபட்டினத்தில் நொபுரு கராஷிமா, ஒய்.சுப்பராயலு போன்ற அறிஞர்கள் 1980-களில் ஆராய்ந்தது சீனப் பீங்கான் ஓடுகளை.

முழு ஜாடி கிடைக்கவே கிடைக்காதா என்கிறீர்களா? கிடைத்தது... ஆனால் சீனாவில்! ஃபுஜோ நகரில் லியூ ஹுவா என்ற இளவரசியின் கல்லறையை 1965-ல் திறந்தார்கள். அவர் இறந்தது கி.பி. 930-ல். உள்ளே பாரசீக வளைகுடாப் பக்கத்திலிருந்து வந்த மயில்கழுத்து ஜாடிகள் மூன்று! பீங்கானுக்கே பெயர் போன சீனாவில், அரச குடும்பம் அயலூர் ஜாடியைக் கல்லறைக்குக் கொண்டு போயிருக்கிறது. அயல் சரக்கு மோகம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது!

பிற்பாடு சீனர்களும் இந்த நிறத்தைப் பீங்கானில் போட்டார்கள். காங்சி சக்கரவர்த்தி காலத்து (1662-1722) ஜாடிகளுக்கு இன்றும் தனி மவுசு. அந்த நிறத்துக்குச் சீனர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'மயில் பச்சை'! நம் ஜவுளிக்கடைக்காரரும் சீனக் குயவரும் ஒரே பறவையைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். 1870-களில் பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியோடு சேர்ந்து, அஜந்தா ஓவியங்களைப் பார்த்து வரைந்த மெருகு ஜாடிகள் செய்தார்கள். ஜெய்ப்பூர் நீலப் பாண்டம் தெரிந்திருக்கும். அதில் களிமண்ணே பிரதானமில்லை, வெள்ளைக்கல் பொடிதான் உடம்பு. நசித்துக் கிடந்த அந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்தியவர் கிருபால் சிங் ஷெகாவத். 1974-ல் பத்மஸ்ரீ வாங்கினார். இந்தப் பக்கம் புதுச்சேரியில், 1971-ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இருவர் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே பயின்றவர்களின் ஜாடிகளையும் இன்று தேடி வாங்குகிறார்கள்.

சென்னை மட்டும் சும்மாவா இருந்தது? அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் 1850-ல் தொடங்கிய கலைப் பள்ளி, இந்த மாகாணத்து மண் வகைகளைச் சுட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் வேலூர் வட்டாரத்தில் ஒரு பாண்டம் உண்டு. 'கரிகேரி' என்றும் 'கரிகிரி' என்றும் சொல்வார்கள். பச்சை, நீலம், பழுப்பு என்று பளபளக்கும் மெருகு. வெள்ளைக்கார அதிகாரிகள் இதைக் கண்காட்சிகளுக்கெல்லாம் எடுத்துப் போனார்கள். பெட்டி மேல் மாவட்டத்தின் பெயரை எழுதினார்கள். செய்தவரின் பெயரை எழுதவேண்டும் என்று பெரும்பாலும் யாருக்கும் தோன்றவில்லை.

ஆக, மயில்கழுத்து நிறம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ஜாடியின் வயதைச் சொல்லவே முடியாது. 3,900 வருடமாகவும் இருக்கலாம், போன வருடமாகவும் இருக்கலாம். நிறம் மயக்கும். அதனால்தான் ஜாடியைக் கவிழ்த்தேன். அடிப்பாகம் அவ்வளவு சுலபமாக ஏமாற்றாது!

நீங்களும் பழைய ஜாடி வாங்குபவராக இருந்தால், கவிழ்த்துப் பார்க்கும் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடியில் மெருகு படாத வளையம் ஒன்று இருக்கும். அது சுத்த வெள்ளையாக, வழவழப்பாக இருந்தால் பீங்கான். செம்மையாக, சொரசொரப்பாக இருந்தால் மண். ஊர்ப் பெயர் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். 1890-ல் அமெரிக்கா கொண்டுவந்த இறக்குமதி வரிச் சட்டம், சரக்கின் மேல் நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்றது. அதனால் ஆங்கிலத்தில் 'சைனா', 'இங்கிலாந்து' என்று இருந்தால், பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்ததுதான். சீனச் சக்கரவர்த்தியின் முத்திரை இருக்கிறதே என்று துள்ளாதீர்கள். பழைய முத்திரையைப் புது ஜாடியில் போடுவது சீனாவிலேயே பழைய வழக்கம்! மெருகில் ஓடும் மெல்லிய விரிசல் வலையும் வயதுக்குச் சாட்சி ஆகாது. சூளையிலிருந்து எடுத்த அன்றைக்கே விரிசல் விடும் மெருகு உண்டு. அதில் டீ டிகாஷனைத் தேய்த்தால் நூறு வருடம் கூடிவிடும்!

இன்னொரு எச்சரிக்கை. 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணைத் தோண்டும்போது கிடைத்ததா? 1878-ம் வருடப் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மாந்தையில் கிடைத்த உள்ளங்கை அகல ஓடு ஒரு கடல் வழியையே சொல்கிறது. காரணம், அது எந்த இடத்தில், எந்த மண் அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதைக் குறித்து வைத்தார்கள். அதே ஓட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்து கண்ணாடி அலமாரியில் வைத்தால் அது வெறும் ஓடு. ஊமை ஓடு.

சரி, திண்ணைக்கு வருவோம். நண்பர் வீட்டு ஜாடியின் அடி வளையத்தில் பீங்கான் வெள்ளை இல்லை. வெளிறிய மண். முத்திரை கிடையாது. சுற்றி விரல் தடம் மாதிரி லேசான வரிகள். "இது சீனா இல்லீங்க" என்றேன். நண்பரின் முகம் சுருங்கியது.

அப்போதுதான் உள்ளேயிருந்து அவருடைய அத்தையின் குரல் வந்தது. வயது 86.

"சீனாவாவது கீனாவாவது! எங்கப்பா வேலூர்லருந்து வாங்கியாந்ததுடா அது. எனக்கு அஞ்சு வயசு. வைக்கோல்ல சுத்தி, ரயில்ல மடியிலயே வெச்சிக்கினு வந்தாரு. எங்கம்மா, 'அரிசி வாங்கற காசுல ஜாடி வாங்கியாந்தியா'ன்னு ரெண்டு நாள் பேசலை!"

திண்ணையே அமைதியானது. நண்பர் ஜாடியைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "ஏன் அத்தே, இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே?"

"நீ எங்கடா கேட்ட?"

கணக்குப் போட்டேன். எண்பது வருடத்துக்குக் கொஞ்சம் மேல். வியாபார வழக்கில் நூறு வருடம் தாண்டினால்தான் 'ஆன்டிக்'. அதற்குக் கீழே 'விண்டேஜ்'. நிறமும் மண்ணும் வேலூர் என்ற சொல்லும் ஒன்றாகச் சேரும்போது, கரிகேரிப் பக்கத்துச் சூளைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் ஒரே ரயில் பாதை. 1989 வரை இரண்டும் ஒரே மாவட்டம்கூட.

"அப்ப லட்சம் எல்லாம் போகாதா?" என்றார் நண்பர்.

போகாது. இதில்தான் எனக்கு மனசு உறுத்துகிறது. சீனா என்றால் நடுங்குகிற கை, வேலூர் என்றதும் சாவகாசமாகிவிடுகிறது. அதே செம்பு, அதே நெருப்பு, அதே மயில்கழுத்து. சீனத்து ஜாடிக்குச் சக்கரவர்த்தியின் பெயராவது இருக்கிறது. பம்பாய்க்குப் பள்ளியின் பெயர், ஜெய்ப்பூருக்கு ஒரு பத்மஸ்ரீ. வடஆற்காட்டு ஜாடிக்கு? செய்தவர் பெயர் நமக்கு இல்லை. ஊர்ப் பெயரையும் நாமே அழித்துவிட்டு, 'சீனா ஜாடி' என்று ஞானஸ்நானம் செய்துவைத்திருக்கிறோம். துருக்கிக் கல் கதைதான், மறுபடியும்!

கிளம்பும்போது நண்பரிடம் ஒரு காகிதமும் பேனாவும் கேட்டேன். அத்தை சொன்னதை அப்படியே எழுதச் சொன்னேன். யார் வாங்கினார்கள், எந்த ஊர், எப்படி வந்தது, யார் சொன்னது, இன்றைய தேதி. ரெண்டு நாள் பேசாமல் இருந்த அம்மாவையும் விடவில்லை. மடித்து ஜாடிக்குள் போட்டோம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு ஜாடி இருக்கும். ஊறுகாய் ஜாடியோ, பூ ஜாடியோ, ஏதோ ஒன்று. விலை கேட்க யாரையும் தேடிப் போகாதீர்கள். முதலில் வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் போய் உட்காருங்கள். ஜாடி இன்னும் நூறு வருடம் இருக்கும், அவசரமில்லை. சொல்லத் தெரிந்தவர்களுக்கு வயசாகிக்கொண்டே போகிறது.