ஐந்துக்கு ஒன்று

போடிநாயக்கனூரில் விலையைப் பற்றிப் பேசாத தேநீர்க் கடை இல்லை. மலைமேல் மழை பெய்ததா, ஏலத்தில் காய் என்ன விலைக்குப் போயிற்று என்னும் இரு கேள்விகளோடுதான் இவ்வூரின் காலை புலர்கிறது. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ ஏழாயிரம் ரூபாயைத் தொட்டதையும், இரண்டே ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் கீழே சரிந்ததையும் கண்ட ஊர் இது. நாளை என்ன நேரும் என்று கணக்கிட்டுப் பார்ப்பது இங்கு எவருக்கும் புதிதன்று.

அண்மையில் ஒரு மாலை, ஏலக்காய் தரம் பிரிக்கும் தொழிலாளி ஒருவர் நம் மேசைமீது ஒரு தாளை வைத்தார். குதிரைகளின் பெயர்கள்; அருகில் 6/4, 2/1, 5/1 என எண்கள். "சாமி, குதிரைப் பந்தயம் சூதாட்டம் இல்லைன்னு கோர்ட்டே சொல்லிடுச்சாமே? அப்ப இது பாவம் இல்லைதானே?" என்று கேட்டார். மனைவியின் கம்மல் அடகுக் கடையில் இருப்பதைப் பிறகுதான் சொன்னார். அவருக்கு விடை கூறுமுன், அந்த எண்களை நாம் படிக்கக் கற்றாக வேண்டியிருந்தது.

5/1 என்பதன் பொருள் எளியது. ஒரு ரூபாய் கட்டி அக்குதிரை வென்றால், ஐந்து ரூபாய் இலாபமாக வரும். கட்டிய ரூபாயும் திரும்பும். 6/4 என்றால் நான்கு ரூபாய்க்கு ஆறு ரூபாய் இலாபம். எண்கள் தலைகீழாகி 4/6 என நின்றால், ஆறு ரூபாய் கட்டினால்தான் நான்கு ரூபாய் கிடைக்கும். பலரும் பணம் கட்டும் அக்குதிரையையே 'ஃபேவரைட்' என்கிறார்கள்.

இனி, புக்கியின் இடத்திலிருந்து பார்ப்போம். நான்கு குதிரைகள் ஓடுகின்றன. அவற்றின் விலை 6/4, 2/1, 4/1, 5/1. முதல் குதிரைமேல் 120 ரூபாய், அடுத்தவற்றின்மேல் 100, 60, 50 எனப் பணம் வந்து சேர்கிறது. மொத்தம் 330 ரூபாய். எந்தக் குதிரை வென்றாலும் புக்கி திருப்பித் தருவது 300 ரூபாய்தான். ஒவ்வொன்றையும் பெருக்கிப் பாருங்கள், விடை மாறாது. எஞ்சும் 30 ரூபாய், குதிரைகள் ஓடுவதற்கு முன்பே அவருடையதாகிவிட்டது.

இக்கணக்கின் வரலாறு வியப்பூட்டுவது. 1654-ஆம் ஆண்டில், சூதாட்டப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வியைப் பற்றிப் பிரெஞ்சு அறிஞர்களான பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்தே நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 23 இரவில்தான் பாஸ்கல் தம் வாழ்வையே மாற்றிய இறையனுபவத்தைப் பெற்றார். 1860-களில் பாரிசில் ஜோசப் ஒல்லேர் என்பவர் மற்றொரு முறையைக் கொணர்ந்தார். கட்டிய பணம் யாவும் ஒரே தொகையாகச் சேரும். நடத்துவோர் பங்கும் வரியும் போக, மீதியை வென்றவர்கள் பிரித்துக்கொள்வார்கள். இதைத்தான் நம் பந்தயத் திடல்களில் 'டோட்' என்கின்றனர். இக்கணக்கைத் தானே போடும் இயந்திரம் 1913-இல் நியூசிலாந்தில் முதன்முதல் இயங்கியது. அதை அமைத்த ஜார்ஜ் ஜூலியஸ் ஓர் ஆங்கிலிக்கன் ஆயரின் மகன்; முதலில் வாக்குகளை எண்ணுவதற்காகவே அதைத் திட்டமிட்டிருந்தார். பந்தயத் திடலே அதை வாங்கிக்கொண்டது.

தமிழகத்தில் இக்கதை கிண்டியைச் சுற்றியே நடந்தது. சென்னைப் பந்தய மன்றம் 1896-இல் உருவானது. 1974-இல் சட்டமன்றம் குதிரைப் பந்தயப் பணயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. வழக்கு வளர்ந்தது. 1986-இல் மன்றத்தையே அரசு எடுத்துக்கொள்ள மற்றொரு சட்டம் வந்தது. இறுதியில் 1996 ஜனவரி 12 அன்று, குதிரைப் பந்தயம் திறமையே மேலோங்கிய போட்டி, சூதாட்டமன்று என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் செல்லாததாக்கியது. அதே தமிழக அரசு 1968 முதல் 2003 வரை பரிசுச்சீட்டு விற்றுவந்ததையும் வரலாறு மறக்கவில்லை. 2024 செப்டம்பரில் கிண்டி நிலத்தின் 99 ஆண்டுக் குத்தகையை அரசு இரத்துச் செய்து, திடலுக்கு முத்திரையிட்டது.

நீதிமன்றம் கூறிய திறமையை நாமும் மறுக்கவில்லை. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் கைவண்ணம் யாவும் உண்மை. ஆனால் அது யாருடைய திறமை? போடியில் அமர்ந்து, எவரோ கைப்பேசியில் சொன்ன பெயர்மீது கூலியை வைக்கும் மனிதர் அக்குதிரையைக் கண்டதுமில்லை. மேலும், 'ஹேண்டிகேப்' பந்தயங்களில் வலிய குதிரையின்மேல் கூடுதல் எடை ஏற்றி, வெற்றி யாருக்கு என்று தெரியாதபடி செய்வதும் திறமையாகவே நடக்கிறது. 'ஜாக்பாட்' என்பது அடுத்தடுத்த ஐந்து பந்தயங்களின் வெற்றியாளரைச் சரியாகச் சொல்வது. ஒவ்வொன்றிலும் எட்டுக் குதிரைகள் ஓடினால், அமையக்கூடிய வரிசைகள் 32,768. அவற்றுள் சரியானது ஒன்றே.

அப்படியானால் பாவமா? 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதில் நிதானமாகவே பேசுகிறது. பணயம் வைப்பது தன்னளவில் நீதிக்கு எதிரானதன்று. தனக்கும் பிறருக்கும் வாழ்வுக்குத் தேவையானதை அது பறிக்கும்போதுதான் ஏற்க முடியாததாகிறது. சிலுவையடியில் ஆண்டவரின் ஆடைக்காகச் சீட்டுப் போட்டதும், யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்துகொள்ளச் சீட்டுப் போட்டதும் ஒரே திருவிவிலியத்தில்தான் உள்ளன. இரண்டிலும் செயல் ஒன்றே. நோக்கமும் விளைவும் வேறு. ஏலத் தோட்டக்காரரும் மழையை நம்பிப் பணத்தை மண்ணில் போடுகிறார். விலை வீழ்ந்தாலும் காய் விளைந்திருக்கும், பறித்தவருக்குக் கூலி போயிருக்கும். பந்தயத்தில் தோற்ற பணமோ கைமாறியது மட்டுமே.

இவற்றையெல்லாம் அந்த நண்பரிடம் நாம் சொல்லவில்லை. 330-ஐயும் 300-ஐயும் மட்டும் தாளில் எழுதிக் காட்டினோம். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்தார். அதில் வென்ற நாள்களை மட்டுமே குறித்து வைத்திருந்தார். தோற்ற நாள்களை அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, நாம் எழுதினோம். ஒரு பக்கம் நிறைந்து, மறுபக்கமும் பாதி நிறைந்தபோது, "போதும் சாமி" என்றார்.

அந்தத் தாளை மடித்து அவரே எடுத்துச் சென்றார். கம்மல் இன்னும் மீளவில்லை. எனினும், சம்பள நாளன்று கூலியை மனைவியின் கையில் கொடுத்துவிட்டே வருவதாகச் சென்ற ஞாயிறு திருப்பலிக்குப் பின் கூறினார். நீதிமன்றம் எதைத் தீர்த்திருந்தாலும், அவர் வீட்டு வழக்கின் தீர்ப்பு இனி அவர்தம் கையில்தான் இருக்கிறது.