வானேறும் கலசமும் வடம் தாங்கும் பாரமும்

ஆலயத் திருப்பணி நிறைவுற்றமைக்கு அடையாளமாய் விளங்குவது விமானக் கலசம். அதனைக் கண்டு கைகூப்பும் மெய்யன்பர் பலராவர். அதனை மேலேற்றிய வடத்தை நினைப்பவர் சிலரேயாவர்.

தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் ஸ்ரீ விமானத்து உச்சியில் வைப்பதற்கென முதலாம் இராசராசன், தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது 1010ஆம் ஆண்டில், செப்புக்குடம் ஒன்றை அளித்தான். அதன் நிறை 3,083 பலம். அதன்மேல் போர்த்திய பொற்றகடு 2,926½ கழஞ்சு. இவ்வாறு கணக்குத் தவறாது கல்லிற் பொறித்தனர் அக்காலத்தார். கல் கூறுவது பொருளின் நிறை. ஆயின் அப்பொருள் ஏறும்போது வடம் தாங்கும் பாரம் எவ்வளவு?

இவ்வினாவிற்கு விடையாகும் விதிகள் 677 ஆண்டுகள் கழித்து, 1687இல், ஐசக் நியூட்டன் வெளியிட்ட 'பிரின்சிப்பியா' என்னும் நூலில் அமைந்தன. 100 கிலோ நிறையுள்ள கலசம் ஒன்றைக் கொள்வோம். அது அந்தரத்தில் அசையாது நின்றாலும், ஒரே சீரான வேகத்தில் ஏறினாலும் இறங்கினாலும், வடம் தாங்குவது 100 கிலோ எடையே. இது முதல் விதியின் பயன்.

வேகம் மாறும்போதே பாரமும் மாறுகிறது. மேலேறும் வேகம் நொடிக்கு நொடி 2 மீட்டர் மிகுமாயின், வடத்தின் இழுப்பு ஏறத்தாழ 120 கிலோ எடைக்கு உயரும். அவ்வாறே கீழிறங்கும் வேகம் மிகுமாயின் 80 கிலோவாகக் குறையும். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இறங்கும் கலசத்தை நொடியின் ஐந்தில் ஒரு பங்கிற்குள் சட்டென நிறுத்தினாலோ, இழுப்பு 200 கிலோவைக் கடந்துவிடும். இது இரண்டாம் விதி. வடம் பெரும்பாலும் அறுவது பாரத்தால் மட்டுமன்று, பதற்றத்தாலும் என்பது இதனால் விளங்கும்.

மூன்றாம் விதி சாரத்தைப் பற்றியது. சாரத்தில் கட்டிய கப்பியின் ஒருபுறம் கலசம் கீழ்நோக்கி இழுக்கிறது. மறுபுறம் தரையில் நின்று ஏற்றுவோரும் கீழ்நோக்கியே இழுக்கின்றனர். ஆகவே 100 கிலோ கலசத்திற்குக் கப்பியைத் தாங்கும் மரம் 200 கிலோ சுமக்கிறது. சட்டென நிறுத்தும் கணத்தில் அது 400 கிலோவாகும்! கலசத்தின் நிறையை மட்டும் எண்ணிச் சாரம் கட்டுவோர் பெரும்பிழை செய்தோராவர்.

விதிகள் ஏட்டில் ஏறுமுன்னரே, பாரம் ஏற்றுவோர் ஒருவர் குரல் கொடுக்க அனைவரும் ஒருசேர இழுக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தனர். அக்குரலின் சீரில் வேகமும் சீர்ப்பட்டது, வடமும் காக்கப்பட்டது.

ஆதலின், கலசத்திற்குப் பொன் வழங்கும் புண்ணியசீலர்கள், நல்ல வடத்திற்கும் உறுதியான சாரத்திற்கும் பொருள் வழங்குவார்களாக. முகூர்த்தம் நெருங்குகிறதென்று ஏற்றுவோரை விரைவுபடுத்தாதிருப்பதும் ஒரு திருத்தொண்டே. கலசம் ஏறும்போது அதன் கீழே நிற்பவை மனித உயிர்கள். அவ்வுயிர்களைக் காத்தலே எல்லாம்வல்ல இறைவனுக்கு உகந்த முதல் வழிபாடாகும்.