பொருளியலிலிருந்து சூழலியலுக்கு: போட்டிக் கருத்தின் வளர்ச்சி வரலாறு

முன்னுரை

வலியது வாழும், மெலியது வீழும் என்பதே இயற்கையின் நீதி என்றும், சந்தையின் நீதியும் அதுவே என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. இந்த எண்ணம் உயிரியலில் தோன்றிப் பொருளியலுக்குச் சென்றதாகவும் பலர் கருதுகின்றனர். வரலாறு வேறு விதமாக இருக்கிறது. போட்டி என்னும் கருத்து முதலில் பொருளியலில் உருப்பெற்று உயிரியலுக்குச் சென்றது. பின்னர் இரு துறைகளுக்கும் இடையே பலமுறை கைமாறியது. அந்தப் பயணத்தைக் கால வரிசையில் ஆராய்ந்து, போட்டியின் உண்மையான விளைவு எது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மால்தஸும் டார்வினும்

தாமஸ் ராபர்ட் மால்தஸ் 1798இல் மக்கள்தொகை பற்றிய தம் நூலைப் பெயர் குறிப்பிடாமல் வெளியிட்டார். தடையின்றி விட்டால் மக்கள்தொகை 1, 2, 4, 8 எனப் பெருக்குத் தொடராகவும், உணவு உற்பத்தி 1, 2, 3, 4 எனக் கூட்டுத் தொடராகவும் வளரும் என்பது அவர் வாதம். 1805 முதல் அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்லூரியில் வரலாறும் அரசியல் பொருளியலும் கற்பித்தார். இந்தியாவை ஆளவிருந்த அதிகாரிகள் பயின்ற கல்லூரி அது.

சார்லஸ் டார்வின் 1838 செப்டம்பரில் அந்நூலைப் படித்தார். உணவுக்கும் இடத்துக்குமான நெருக்கடியில் சாதகமான பண்புகள் நிலைக்கும், பாதகமானவை அழியும் என்ற தெளிவு அவருக்கு அப்போது கிடைத்தது. ஆல்ஃபிரட் வாலஸ் 1858இல் இதே முடிவைத் தனியாக எட்டியபோதும் அவர் நினைவுக்கு வந்தது மால்தஸின் நூலே.

டார்வின் பொருளியல் வழி பெற்ற இன்னொரு கருத்து அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆடம் ஸ்மித் 1776இல் விளக்கிய உழைப்புப் பிரிவினையை, பிரெஞ்சு விலங்கியலாளர் மில்ன்-எட்வர்ட்ஸ் உடலுறுப்புகளின் செயல்களுக்குப் பொருத்திக் காட்டினார். டார்வின் அதைச் சிற்றினங்களுக்கு விரித்தார். ஒரே வகைப் புல் விதைத்த நிலத்தைவிடப் பல வகைப் புற்கள் விதைத்த நிலம் மிகுதியாக விளையும் என்ற சோதனை முடிவை 1859இல் வெளிவந்த நூலில் அவர் சான்றாகத் தந்தார். போட்டி உயிர்களை ஒன்றிலிருந்து ஒன்று விலகி வேறுபடச் செய்கிறது என்பதே அவர் கண்ட கொள்கை. ஆனால் 1864இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் உருவாக்கிய ‘தகுதியுள்ளது தப்பிப் பிழைக்கும்’ என்ற தொடர்தான் மக்களிடம் பரவியது. டார்வினும் தம் நூலின் 1869ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை ஏற்றுக்கொண்டார்.

கணிதமும் சோதனைக் குழாயும்

அடுத்த கட்டம் கணிதத்தின் வழி வந்தது. முதல் உலகப் போரின்போது ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு குறைந்தது. அப்போது பிடிபட்டவற்றில் பிற மீன்களைத் தின்னும் மீன்களின் பங்கு கூடியிருந்ததை விலங்கியலாளர் உம்பெர்ட்டோ டான்கோனா கவனித்தார். அவருடைய மாமனாரான கணிதவியலாளர் விட்டோ வொல்ட்டெரா 1926இல் இதற்கான சமன்பாடுகளை வெளியிட்டார். ஒரே உணவுக்குப் போட்டியிடும் இரு சிற்றினங்களில் ஒன்று மறைந்துவிடும் என்றும் அவர் கணித்தார்.

அந்தக் கணிப்பை மாஸ்கோவில் உயிரியலாளர் கௌசே சோதித்து 1934இல் நூலாக்கினார். பாரமீசியம் ஆரேலியா, பாரமீசியம் காடேட்டம் என்னும் இரு நுண்ணுயிர்களை ஒரே குழாயில் வளர்த்தபோது காடேட்டம் அழிந்தது. ஆனால் பின்னர் காடேட்டத்துடன் பாரமீசியம் பர்சேரியாவை வளர்த்தபோது இரண்டும் பிழைத்தன. ஒன்று மேல்பகுதியில் மிதந்த பாக்டீரியாவையும், மற்றது அடியில் படிந்த ஈஸ்ட்டையும் உண்டதே காரணம். முதல் சோதனை போட்டி விலக்கக் கோட்பாடு என்ற பெயரில் பாடநூல்களில் இடம்பெற்றது. இரண்டாவது சோதனை அதற்கு இணையான கவனத்தைப் பெற்றிருக்க வேண்டும்.

கௌசேயின் நூலுக்கு ஓராண்டு முன்பு, 1933இல், ஹார்வர்டின் பொருளியலாளர் எட்வர்ட் சேம்பர்லின் முற்றுரிமைப் போட்டி பற்றிய நூலை வெளியிட்டிருந்தார். நிறுவனங்கள் தரம், வடிவம், பெயர், இடம் ஆகியவற்றால் தம் பண்டத்தை வேறுபடுத்தித் தமக்கென ஒரு வாடிக்கையாளர் கூட்டத்தைத் தேடிக்கொள்கின்றன என்பது அவர் விளக்கம். குழாயில் கண்டதும் கடைத்தெருவில் கண்டதும் ஒத்துப்போயின.

ஒப்புமையின் எல்லை

1950இல் பொருளியலாளர் ஆர்மன் ஆல்ச்சியன், லாபமே சந்தையின் தேர்வுக் கருவி என்றார்; நிறுவனம் சரியாகக் கணக்கிட்டு நடந்ததா என்பதைவிட லாபம் ஈட்டியதா என்பதே அதன் பிழைப்பைத் தீர்மானிக்கிறது. 1952இல் பொருளியலாளர் எடித் பென்ரோஸ், நிறுவனங்களை உயிர்களோடு ஒப்பிடும் இந்தப் போக்கைக் கண்டித்தார். மனிதர் சிந்தித்து முடிவெடுப்பவர்; தம் சூழலையே மாற்ற வல்லவர்; நிறுவனத்துக்கு மரபணு இல்லை என்பவை அவர் மறுப்புகள். இதற்கு விடை தேடும் விதமாகப் பொருளியலாளர்களான நெல்சனும் வின்டரும் 1982இல், நிறுவனத்தில் ஊறிப்போன நடைமுறைகளே மரபணுவின் இடத்தை வகிக்கின்றன என்றனர்.

சூழலியலும் தன் கோட்பாட்டின் எல்லையைக் கண்டது. சில சத்துகளையே நம்பியிருக்கும் நீரில் பலவகை மிதவை உயிர்கள் எவ்வாறு சேர்ந்து வாழ்கின்றன என்று ஹட்சின்சன் 1961இல் வினவினார். ஓர் இனம் முழுமையாக வெல்வதற்குள் சூழல் மாறிவிடுகிறது என்பது அவர் தந்த விளக்கம். 1966இல் ராபர்ட் பெய்ன், வாஷிங்டன் மாநிலக் கடற்பாறைகளிலிருந்து நட்சத்திர மீன்களை நீக்கிய சோதனையின் முடிவை வெளியிட்டார். அங்கிருந்த 15 சிற்றினங்கள் 8 ஆகக் குறைந்தன. நட்சத்திர மீன் தின்று கட்டுக்குள் வைத்திருந்த சிப்பிகள் பாறையை ஆக்கிரமித்துக்கொண்டதே காரணம். இந்நிலையைச் சுட்ட முற்றுரிமை என்னும் பொருளியல் கருத்தையே பெய்ன் எடுத்தாண்டார்.

சந்தையில் அத்தகைய கட்டுப்பாட்டைச் சட்டம் செய்கிறது. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு ஷெர்மன் சட்டத்தின்கீழ், 1911இல் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் 34 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது.

முடிவுரை

இந்த வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, ஒரே வளத்தை ஒரே முறையில் நாடுவோரிடையே, மாறாத சூழலில் மட்டுமே ஒருவர் மற்றவரை முழுமையாக வெளியேற்றுகிறார். இரண்டு, வழி திறந்திருக்கும் இடங்களில் போட்டி வேறுபாட்டையும் அதன் வழியே பன்மையையும் வளர்க்கிறது. மூன்று, கட்டுப்படுத்தும் ஆற்றல் நீங்கிய இடத்தில் பன்மை சுருங்கிவிடலாம். ஆகவே முற்றுரிமையை இயற்கையின் நியதி என்று வாதிடுவோருக்கு டார்வினிடமோ கௌசேயிடமோ ஆதாரம் இல்லை. போட்டியைக் காக்க விரும்பும் சமூகம், போட்டியாளர்கள் பலராக நீடிப்பதற்கான சூழலையும் சேர்த்தே காக்க வேண்டும்.