ராதாரிச் சீட்டிலிருந்து கேமரா வரை

அந்தி சாய்ந்தால் கூடலூரில் சாலை விழித்துக்கொள்ளும். வாழையும் திராட்சையும் காய்கறியும் சுமந்த லாரிகள் குமுளி மலைப்பாதையை நோக்கி நகரும். மலைக்கு அப்பால் நாளைக் காலை அடுப்பில் குழம்பு கொதிக்க வேண்டுமென்றால், இன்றிரவு இவ்வூர் ஓட்டுநர்கள் கண் விழிக்க வேண்டும்.

என்னிடம் பயிலும் சிறுவன் ஒருவனின் தந்தையும் அவர்களுள் ஒருவர். தார்பாய் கட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டு சொன்னார்: "சார், ரோட்டைப் பாக்குற கேமரா ஒண்ணு, என் மூஞ்சியப் பாக்குற கேமரா ஒண்ணு. ரோட்டைப் பாக்கட்டும், நல்லது. என்னையே பாத்துக்கிட்டிருந்தா நான் எங்கே போயி சட்டையக் கழட்டுறது?"

எளிய கேள்விதான். ஆனால் எளிதில் விடை சொல்லிவிட முடியாத கேள்வி. வழியில் பத்து நிமிடம் வண்டி நின்றால் உரிமையாளரின் அழைப்பு வருகிறது. டோல்கேட்டைக் கடந்தால் பாஸ்டேக்கில் பணம் கழிந்த செய்தி அவருடைய கைப்பேசிக்குப் போகிறது. உண்பதும் உடை மாற்றுவதும் உறங்குவதும் கேபினுக்குள்ளேதான். நெடுந்தொலைவு ஓட்டுபவருக்கு அது தொழிற்கூடம் மட்டுமன்று, வீடும் அதுவே. வீட்டுக்குள் முதலாளியின் கண் ஒன்று இமைக்காமல் இருக்கிறது!

புதிய கருவி கொணர்ந்த புதிய தொல்லை என்பர் சிலர். கருவி புதிது, தொல்லை பழைது. வரலாற்றின் ஏட்டைச் சற்றே புரட்டிப் பாருங்கள்.

1871-இல் வெள்ளையர் அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றிற்று. 1911-இல் அது திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. இன்றைய தேனி மாவட்டம் அன்று மதுரை மாவட்டத்தின் பகுதி. அம்மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர் மீது அச்சட்டம் பாய்ந்தது. குற்றம் செய்தவனைத் தேடிப் பிடிப்பதன்று அதன் வேலை; பிறந்தவனையெல்லாம் குற்றவாளியென்று பதிவதே அதன் வேலை. கைரேகை எடுத்தார்கள். இரவில் காவலர் கண்முன் படுக்க வைத்தார்கள். ஊர் விட்டு ஊர் போக வேண்டுமானால் 'ராதாரிச் சீட்டு' வாங்க வேண்டும். மகளைப் பார்க்கப் போனாலும் சீட்டு. மாடு வாங்கப் போனாலும் சீட்டு!

எதிர்ப்பு எழாமலா இருந்தது? 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் உசிலம்பட்டிப் பகுதியில் உள்ள பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது துப்பாக்கி வெடித்தது. மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் மாண்டனர். மலைக்கு அப்பாலிருந்து மதுரைக்கு வந்து வழக்குரைஞராய் விளங்கிய ஜார்ஜ் ஜோசப் அம்மக்களுக்காக வாதாடினார். 'ரோசாப்பூ துரை' என்று அவரை அன்போடு அழைத்தார்கள். 1947-இல் சென்னை மாகாணத்திலும், 1952-இல் இந்தியா முழுவதிலும் அச்சட்டம் ஒழிந்தது.

இது அரசு வைத்த கண். முதலாளி வைத்த கண்ணும் ஒன்று உண்டு. தோட்டங்களில் கூலிகளை மேய்த்தவனுக்குக் 'கங்காணி' என்று பெயர். கண்காணிப்பவன் என்னும் பொருளே அப்பெயராயிற்று. தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளரை இறுக்கிப் பிடித்தது 'துண்டு' என்னும் காகிதம். இத்தனை ரூபாய்க் கடனைத் தீர்த்தால் இக்கூலிகளை விடுவிக்கிறேன் என்று பழைய தோட்டத்துத் துரை எழுதித் தருவதே துண்டு. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைப்பது அரிது. கடன் கணக்கை எழுதியவன் ஒருவன். அக்கணக்கால் கட்டுண்டவன் வேறொருவன். 1921-இல் சட்டம் இயற்றி அம்முறையை ஒழித்தார்கள்.

ராதாரிச் சீட்டுக்கும் துண்டுக்கும் அன்று நல்ல காரணங்களே சொல்லப்பட்டன. திருட்டைத் தடுக்க என்றது ஒன்று. கொடுத்த முன்பணம் வீணாகாதிருக்க என்றது மற்றொன்று. இன்று கேமராவுக்கும் காரணம் சொல்கிறார்கள்: டீசல் திருட்டைத் தடுக்க, தூக்கக் கலக்கத்தில் விபத்து நேராதிருக்க என்று. இக்காரணங்களைப் பொய்யென்று நான் சொல்லவில்லை. கண்ணயர்ந்த ஓட்டுநர் தன் உயிரையும் இழப்பார், எதிரே வருபவர் உயிரையும் பறிப்பார். அதை மறுப்பது அறிவுடைமை ஆகாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கண் சொக்குவதைக் காணும் கருவி, கண் ஏன் சொக்கியது என்பதைக் காண்கிறதா? பதினாறு மணி நேரம் ஓட்டச் சொன்னவர் யார் என்பதை எழுதிவைக்கிறதா?

எழுதிவைக்கும் கருவியும் உலகில் உண்டு. ஓட்டிய நேரத்தையும் ஓய்ந்த நேரத்தையும் பதியும் 'டாக்கோகிராப்' என்னும் கருவியை ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1970-இல் சட்டமாக்கிற்று. இங்கிலாந்தின் ஓட்டுநர்கள் அதைக் 'கேபினுக்குள் உளவாளி' என்று வெறுத்தார்கள். அந்நாட்டு அரசும் தயங்கிற்று. 1979-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே அது அங்கே கட்டாயமாயிற்று. இன்று அங்கே நிலை என்ன? நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேர இடைவேளை. நாளொன்றுக்குப் பொதுவாக ஒன்பது மணி நேரமே ஓட்டலாம். மீறச் சொல்லும் முதலாளிக்கு எதிராக அப்பதிவே சாட்சி சொல்லும். ஓட்டுநர் கேட்டால் படி எடுத்துத் தர வேண்டும். உளவாளி காவலனாக மாறியது எப்படி? பதிவு இருவருக்கும் பொது என்று சட்டம் சொன்னதால்!

நம் நாட்டிலும் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. நாளுக்கு எட்டு மணி நேரம் என்றது 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். 2025 நவம்பரில் அது புதிய தொழிற்சட்டத் தொகுப்புக்குள் அடங்கிற்று. 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றனர். ஆனால் 2023-இல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில், வேலையின் பொருட்டும் முதலாளிக்கு இழப்பு நேராதிருக்கும் பொருட்டும், தொழிலாளியின் ஒப்புதலின்றியே அவருடைய தரவைக் கையாள இடம் வைத்துவிட்டார்கள். முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்த கதை!

ஆகவே கருவியை உடைக்கச் சொல்லவில்லை. கருவியின் மீது உரிமை கேட்கச் சொல்கிறேன். கேமரா சாலையைப் பார்க்கட்டும். வண்டி ஓடும்போது கண் சொக்கினால் எச்சரிக்கட்டும். வண்டி நின்றபின் கேபின் ஓட்டுநரின் வீடு; அங்கே கேமராவும் கண் மூடட்டும். பதிவின் படி ஓட்டுநர் கைக்கும் வரட்டும். பதிவைக் காட்டாமல் கூலியில் ஒரு காசும் பிடித்தல் ஆகாது. ஓய்வு மறுக்கப்பட்ட மணிகளும் அதில் ஏறட்டும். இவற்றைத் தனியொருவர் கேட்டால் வேலை போகும். ஓட்டுநர் அனைவரும் சேர்ந்து கேட்டால் விதி பிறக்கும்.

ராதாரிச் சீட்டு தானாகக் கிழியவில்லை. துண்டு தானாக மறையவில்லை. மானமுள்ள மனிதர் மறுத்தனர், அதனால் மறைந்தன. அந்தச் சிறுவனின் தந்தை என்னிடம் கேட்ட கேள்வியை, ஒரு நாள் அவன் தன் முதலாளியிடம் நிமிர்ந்து நின்று கேட்க வேண்டும். அதற்கு அவனை ஆயத்தம் செய்வதும் பள்ளிக்கூடத்தின் வேலையே.