கருவியும் முத்திரையும்

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. வல்லவரின் திறமையைப் போற்ற எழுந்த சொல் அது. ஆயினும் தேர்ந்த தச்சர் ஒருவரின் பையைத் திறந்து பார்த்தால், அவர் புல்லை நம்பித் தொழிலுக்குப் புறப்படுவதில்லை என்பது விளங்கும். அவர் தம் உளியைப் பிறர் தொட எளிதில் ஒப்பமாட்டார். சுத்தியலின் பிடியைத் தம் உள்ளங்கைக்கு ஏற்பத் தாமே இழைத்துக்கொண்டிருப்பார். தொழிலில் வல்லவர்களே கருவியைத் தேர்வதிலும் மிகுந்த கவனம் உடையவர்களாக இருக்கக் காண்கிறோம்.

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கும் கருவிகள் வேண்டியிருக்கின்றன. சுவரில் ஒரு படம் மாட்டவேண்டும். கழன்றுபோன கதவுக் கீலை முடுக்கவேண்டும். குழந்தைகளின் புத்தகங்களுக்கு ஓர் அடுக்குப் பலகை அடிக்கவேண்டும். மும்பையின் நாக்தேவித் தெருவிலும், தில்லியின் சாவ்டி பஜாரிலும், பெங்களூரின் எஸ்.பி. சாலையிலும் கருவிகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. கடைக்காரர் நமக்கு அறிமுகமில்லாதவர். செய்தவர் யார் என்பதோ அவருக்கே தெரியாது. அப்படியிருக்க, எதை நம்பி ஒரு கருவியை வாங்குவது? இக்கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை கண்டிருக்கிறது. அந்த வரலாற்றை அறிந்துகொண்டால், இன்று நாம் செய்யவேண்டிய தேர்வும் எளிதாகும்.

உலைக்களத்தின் சான்று

சிற்றூர் வாழ்வில் இக்கேள்விக்கு இடமே இருந்ததில்லை. மண்வெட்டியும் அரிவாளும் உளியும் ஊர்க் கொல்லரின் உலைக்களத்தில் உருவாயின. அவருக்குக் கூலி பெரும்பாலும் அறுவடைக் களத்தில் நெல்லாக அளக்கப்பட்டது. அவர் செய்த அரிவாள் முறிந்தால் அது ஊரார் அனைவருக்கும் தெரியவரும். முறிந்த கருவி அவருடைய பட்டறைக்கே திரும்பி வரும். ஆகவே, செய்தவரின் பெயரே கருவிக்குப் பிணையாக நின்றது.

கருவியின் உயிர் தோய்ச்சலில் இருக்கிறது. எஃகைச் செந்தணலாகக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் அது மிகவும் கடினமாகும். ஆனால் கண்ணாடிபோல் எளிதில் உடையவும் செய்யும். அதை மீண்டும் இளஞ்சூட்டில் வாட்டினால் உடையும் தன்மை தணியும். அவ்வாறு வாட்டும்போது, துலக்கிய எஃகின் மேற்பரப்பில் வண்ணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். ஏறத்தாழ 230 பாகை செல்சியசில் வைக்கோல் நிறமும், 300 பாகையை நெருங்கும்போது நீல நிறமும் காணலாம். வெட்டும் கருவிக்கு வைக்கோல் நிறம் ஏற்றது. வளைந்து நிமிரும் சுருள்வில்லுக்கு நீலம் ஏற்றது. கொல்லரின் கண் இந்நிறங்களை அறியும். ஆனால், வேலை முடிந்து துலக்கப்பெற்ற இரண்டு உளிகளை அருகருகே வைத்தால், எது சரியான தோய்ச்சல் பெற்றது என்று வாங்குபவரின் கண் அறியாது. கருவி வணிகத்தின் தொல்லையெல்லாம் இவ்விடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

எஃகு செய்யும் கலையில் நம் நாடு தொன்மையான புகழ் உடையது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகள், பண்டைக்காலத்தில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களை வெளிக்கொணர்ந்துள்ளன. தெலுங்கு நாட்டின் கோனசமுத்திரம் என்னும் ஊர் பிற்காலத்தில் உருக்குக்குப் பெயர் பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே சென்ற நில அளவைத் துறை அறிஞர் ஹென்றி வாய்சி ஒரு சுவையான செய்தியை எழுதிவைத்திருக்கிறார். பாரசீகத்து வணிகர்கள் அவ்வூருக்கே வந்து தங்கி, உருக்கும் வேலையைத் தாமே மேற்பார்த்துச் சரக்கை வாங்கினார்கள் என்பதே அது. கடல் கடந்து செல்லும் பொருளைக் கண்ணால் கண்டு வாங்குவதைவிட உறுதியான வழி அவர்களுக்குத் தெரியவில்லை.

அந்த உருக்கு மேனாட்டாரையும் வியக்கவைத்தது. 1794இல் பம்பாயிலிருந்து ஹெலனஸ் ஸ்காட் என்பவர் அதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். 1795இல் ஜார்ஜ் பியர்சன் அதைப்பற்றி அரச கழகத்தில் ஓர் ஆய்வுரை வழங்கினார். இலண்டனில் கத்திகளும் அறுவைக் கருவிகளும் செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட், இந்தியாவிலிருந்து வரும் எஃகை ஐரோப்பிய எஃகினும் மேலாகத் தாம் கருதுவதாகத் தம் கடையின் விளம்பரச் சீட்டிலேயே அச்சிட்டார். பின்னர் அவரும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து அதை ஆராய்ந்தனர்.

ஊர்ப் பெயரும் போலிச் சரக்கும்

இங்கிலாந்தில் இத்தொழிலின் தலைநகரமாக விளங்கியது ஷெஃபீல்டு. அங்குள்ள கத்தி செய்வோர் சங்கம் 1624இல் சட்டத்தின் வாயிலாக நிறுவப்பெற்றது. ஒவ்வொரு தொழிலாளியும் தமக்குரிய ஒரு குறியைச் சங்கத்தில் பதிவுசெய்து, தாம் செய்த கத்தியில் அதைப் பொறித்தார். கொல்லரின் முகத்தைக் காண இயலாத தொலைவிலிருந்து வாங்குவோருக்கு அக்குறியே அவருடைய முகமாயிற்று. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளி, கடிகார வில்லுக்கு நல்ல எஃகு கிடைக்காமல் வருந்தி, மூசையில் எஃகை உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். அதன்பின் ஷெஃபீல்டின் பெயர் உலகெங்கும் பரவிற்று.

பெயர் பரவினால் போலியும் பிறக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜெர்மனியில் செய்த மலிவான கத்திகளும் கத்தரிகளும் ஷெஃபீல்டின் பெயரைத் தாங்கிக்கொண்டு சந்தைக்கு வந்தன. 1876இல் பிலடெல்பியாப் பொருட்காட்சிக்குச் சென்ற ஜெர்மானியப் பொறியியல் பேராசிரியர் ஃபிரான்ஸ் ரூலோ, தம் நாட்டுச் சரக்கு மலிவும் மட்டமுமாக இருப்பதை வெளிப்படையாகக் கண்டித்தார். ஷெஃபீல்டு தொழிலாளரின் முறையீட்டின் பயனாகப் பிரிட்டிஷ் அரசு 1887இல் வணிகப் பொருள் குறிகள் சட்டத்தை இயற்றிற்று. அதன் விளைவாக, ஜெர்மானியச் சரக்கின்மேல் அது பிறந்த நாட்டின் பெயர் எழுதப்படலாயிற்று. இந்தியாவிலும் 1889இல் இத்தகைய சட்டம் ஒன்று வந்தது.

இழிவைக் காட்டுவதற்காக இட்ட அந்தக் குறிக்கு நேர்ந்த முடிவு வேறாயிற்று. ஜெர்மானியர் தம் தரத்தை உயர்த்திக்கொண்டனர். சில பத்தாண்டுகளில் அந்நாட்டின் பெயரே நல்ல கருவிக்கு அடையாளமாயிற்று. முத்திரையின் மதிப்பு அதன் பின்னால் உள்ள உழைப்பைப் பொறுத்தே ஏறவும் இறங்கவும் செய்யும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

நம் நாட்டு முத்திரை

1912இல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா ஆலை முதன்முதலாக எஃகு வார்த்தது. எனினும் நல்ல இழைப்புளியும் வாளும் அரமும் வெளிநாட்டிலிருந்து வந்தால்தான் சிறப்பு என்ற எண்ணம் நெடுங்காலம் நீடித்தது. விடுதலைக்குப் பின் பஞ்சாபின் ஜாலந்தரும் லூதியானாவும் கைக்கருவிகளுக்குப் பெயர் பெற்றன. ராஜஸ்தானத்தின் நாகௌர் நகரில் சிறு பட்டறைகள் இடுக்கியும் குறடும் செய்து வளர்ந்தன. செய்வோர் பெருகப் பெருக, நல்லதையும் அல்லதையும் பிரித்துக் காட்டப் பொதுவான அளவுகோல் ஒன்று தேவைப்பட்டது.

அத்தேவையை நிறைவேற்ற 1947இல் இந்தியத் தர நிர்ணய நிறுவனம் தோன்றியது. 1952இல் இயற்றப்பெற்ற சட்டம் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு வழிசெய்தது. 1987 முதல் இந்தியத் தரநிர்ணய அமைவனம் அப்பணியை ஏற்று நடத்துகிறது. எஃகுச் சுத்தியலுக்கு ஐ.எஸ். 841 என்பது போல ஒவ்வொரு பொருளின் தரத்துக்கும் ஓர் எண் உண்டு. முத்திரையின் மேற்புறத்தில் அவ்வெண்ணும், அதனோடு செய்தவரின் உரிம எண்ணும் இருக்கவேண்டும். இவை இல்லாத வெறும் முத்திரையை நம்புதல் கூடாது. அமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் உரிம எண்ணை இட்டால், அது உண்மையானதா என்பதைக் கடையில் நின்றபடியே அறியலாம். பாரசீக வணிகர் உலையருகே சென்று செய்த வேலையை இன்று ஓர் எண்ணைக்கொண்டு நாம் செய்ய முடிகிறது.

மின்சாரம் கைக்கு வந்த கதை

1889இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஆர்தர் ஆர்நாட், வில்லியம் பிரெய்ன் என்னும் இருவர் மின்சாரத் துறப்பணத்துக்குக் காப்புரிமை பெற்றனர். 1895இல் ஸ்டுட்கார்ட்டின் ஃபைன் நிறுவனம் கையில் ஏந்தும் துறப்பணத்தைச் செய்தது. கைத்துப்பாக்கி போன்ற பிடியும் விரலால் அழுத்தும் விசையும் உடைய வடிவத்துக்கு அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1917இல் காப்புரிமை பெற்றது. இன்று நாம் வாங்கும் துறப்பணமும் அவ்வடிவத்தின் வழிவந்ததே.

அதுவரை அது தொழிற்சாலைக் கருவியாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளின் தொழிலாளர் சிலர் துறப்பணங்களைத் தம் வீட்டு வேலைக்கும் எடுத்துச் சென்றனர். இதையறிந்த அந்நிறுவனம் 1946இல் இல்லங்களுக்கென்றே விலை குறைந்த கருவிகளை விற்கத் தொடங்கிற்று. 1961இல் மின்கலத்தால் இயங்கும் துறப்பணம் வந்தது. நம் நாட்டிலோ தச்சர் தம் கருவிகளுடன் வீடு தேடி வருவதே வழக்கமாக இருந்தமையால், இக்கருவி இல்லங்களுக்குள் நுழையக் காலம் பிடித்தது. அடுக்குமாடி வீடுகளின் கான்கிரீட்டுச் சுவரில் ஆணி இறங்க மறுத்தபோதுதான் அதன் அருமை பலருக்கும் தெரிந்தது.

தேர்ந்தெடுக்கும் முறை

முத்திரையைப் பார்த்தபின் நம் கண்ணும் கையும் செய்யவேண்டிய ஆய்வும் உண்டு. சுத்தியலின் தலை அடித்து உருவாக்கிய எஃகாக இருக்கவேண்டும். வார்ப்பிரும்புத் தலை தெறித்துக் கண்ணைப் பறிக்கக்கூடும். மரப்பிடியின் நார்கள் நீளவாட்டில் ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் பிடி ஒருநாள் முறியும். தலையின் துளையில் ஆப்பு இறுகப் பொருந்தியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். கைவாளின் தகட்டை மெல்ல வளைத்து விட்டால் அது நேராக நிமிரவேண்டும். குறட்டை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அதன் நுனிகள் கோணாமல் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கவேண்டும், கீல் ஆடலாகாது. உளியை ஒன்று மட்டும் முதலில் வாங்கி, முனையருகே நல்ல அரத்தால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். அரம் வழுக்கிச் சென்றால் எஃகு கடினமானது. ஆழமாகக் கடித்தால் தோய்ச்சல் போதாது. அதன்பின் மற்ற அளவுகளை வாங்கலாம்.

மின்கருவியில் தவறு நேர்ந்தால் இழப்பு உயிர்வரை போகலாம். கருவியின் பெயர்த்தகட்டில் ஒரு சதுரத்துக்குள் மற்றொரு சதுரம் வரைந்திருந்தால், அது இரட்டைக் காப்பு உடையது என்று பொருள். அக்குறி இல்லாத கருவிக்கு நில இணைப்புடன் கூடிய மூன்றுமுனைச் செருகி இன்றியமையாதது. கான்கிரீட்டில் துளையிட, சுழல்வதோடு இடிக்கவும் செய்யும் துறப்பணம் வேண்டும். அறுக்கவும் தேய்க்கவும் சுழலும் வட்டுகளில் அச்சிட்ட உச்ச வேகம், கருவியின் வேகத்துக்குக் குறையலாகாது. அவ்வட்டுகளுக்குக் காலாவதி நாளும் உண்டு. வட்டைச் சுற்றியுள்ள காப்பை வேலை விரைவாக முடியும் என்று கருதிக் கழற்றுவோர், வட்டு வெடித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நீங்கள் வாழும் நகரத்திலேயே அக்கருவிக்குப் பழுதுபார்க்கும் இடமும் மாற்று உறுப்புகளும் கிடைக்குமா என்று கேட்டறிந்து, ரசீதுடன் வாங்குங்கள்.

வடநாட்டுக் கடைகளில் திருப்புளியைப் பேச்கஸ் என்றும், இழைப்புளியை ரந்தா என்றும், வாளை ஆரி என்றும் கேட்கவேண்டும். நம் மொழியில் திருப்புளிக்கும் இழைப்புளிக்கும் உளியே அடிச்சொல்லாக நிற்கிறது. வடநாட்டார் பேச்சில் திருகும் முடுக்குதலும் சேர்ந்து பேச்கஸ் ஆயின. அந்தந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்கும் வாடிக்கையாளரிடம் கடைக்காரரும் சற்று மனம்விட்டுப் பேசுவார். எந்தச் சரக்கு திரும்பி வருகிறது, எது வருவதில்லை என்பதை அவரே சொல்லக்கூடும்.

முத்திரை, நம் கைச்சோதனை, பழகிய கடைக்காரரின் சொல் ஆகிய மூன்றும் ஒத்துப்போகும் கருவியை, விலை சற்று மிகுதியாயினும் வாங்குங்கள். பலவற்றை ஒருசேர வாங்குவதினும், ஒரு சுத்தியல், ஒரு குறடு, இரண்டு திருப்புளிகள், ஓர் உளி, ஒரு கைவாள் எனத் தேர்ந்து தொடங்குவது நல்லது. எண்ணெய் பூசிக் காய்ந்த இடத்தில் வைத்தால் அவை தலைமுறை கடந்தும் உழைக்கும். நம் பிள்ளைகள் முதல் ஆணியை அடித்துப் பழகுவதும் அவற்றைக்கொண்டே ஆகலாம்.