மார்மலேடும் மேரி ராணியும் – ஒரு திருத்தம்



போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர் ஒருவர் ஆவடியிலிருந்து மகளை அழைத்துக்கொண்டு எங்கள் அம்பத்தூர் வீட்டுக்கு வந்திருந்தார். கொல்லையில் பழுத்த நாரத்தையில் நான் காய்ச்சி வைத்திருந்த மார்மலேடை ரொட்டியில் தடவிக் கொடுத்தேன். ஆறாவது படிக்கும் அந்தக் குழந்தை, "தாத்தா, இது மேரி ராணிக்கு உடம்பு சரியில்லாதப்ப செஞ்சதுதானே? அப்பா சொன்னாங்க" என்றாள். மாணவர் பெருமையோடு என்னைப் பார்த்தார். எனக்குத்தான் ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை.

அந்தக் கதையை வகுப்பில் சொன்னவன் நான். ஸ்காட்லாந்து ராணி மேரி நோயில் படுத்தபோது சமையல்காரர் ஆரஞ்சைச் சர்க்கரையில் காய்ச்சிக் கொடுத்தாராம். 'நோயுற்ற மேரி' என்று பொருள்படும் 'மாரி மலாத்' என்ற பிரெஞ்சுச் சொற்கள்தாம் மார்மலேடு ஆயிற்றாம். கேட்க இனிமையான கதை. ஆனால் உண்மையில்லை. வருடக் கணக்கில் அதைச் சொல்லியிருக்கிறேன். இப்போது அது அடுத்த தலைமுறைக்கும் போய்விட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

கதையை உடைக்க இரண்டு ஆண்டுகள் போதும். மேரி பிறந்தது 1542 டிசம்பரில். ஆனால் 1524லேயே எக்ஸெட்டர் நகரத்து ஹல் என்பவர் எட்டாம் ஹென்றி மன்னருக்கு ஒரு பெட்டி மார்மலேடு பரிசளித்த குறிப்பு இருக்கிறது. பிறப்பதற்கு 18 ஆண்டுகள் முன்னால் ஒருவருக்கு எப்படிக் காய்ச்சல் வரும்?

அது ஏன் பெட்டி, ஏன் ஜாடி இல்லை என்று கேட்டால் அடுத்த கதவு திறக்கும். அந்த மார்மலேடில் ஆரஞ்சே கிடையாது. போர்த்துக்கீசிய மொழியில் 'மார்மெலோ' என்றால் சீமை மாதுளம்பழம். அதைச் சர்க்கரையோடு கெட்டியாகக் கிளறியது 'மார்மெலாடா'. நம் அல்வா போலக் கத்தியால் வெட்டிச் சாப்பிடும் பண்டம். அது பெட்டிகளில் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயிற்று. பிறகு ஆங்கிலேயர்கள் அதே முறையில் கசப்பு ஆரஞ்சைக் காய்ச்சினார்கள். பண்டம் மாறியது, பெயர் தங்கிவிட்டது. ஸ்காட்லாந்தின் டன்டீ நகரத்துக் கெய்லர் குடும்பம் 1797ல் இதைக் கண்டுபிடித்ததாகவும் சொல்வார்கள். ஆரஞ்சு மார்மலேடு செய்முறை 1677 வாக்கிலேயே இங்கிலாந்துக் குடும்பக் கையேட்டில் இருக்கிறது. கெய்லர் குடும்பம் செய்தது அதைப் பெரிய வியாபாரமாக்கியது.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். போர்த்துக்கீசியர் வங்காளத்தில் ஓடு கெட்டியான, மணமுள்ள ஒரு பழத்தைப் பார்த்து அதற்கும் தங்கள் ஊர்ப் பழத்தின் பெயரையே வைத்து 'வங்காளத்து மார்மெலோ' என்றார்கள். கோவாவில் வாழ்ந்த மருத்துவர் கார்சியா த ஓர்ட்டா 1563ல் வெளியிட்ட நூலில் இதைக் குறித்திருக்கிறார். 1753ல் லின்னேயஸ் தாவரப் பெயரிலும் 'மார்மெலோஸ்' என்ற சொல்லைச் சேர்த்தார். அந்த மரம் எது தெரியுமா? சிவன் கோயிலில் நாம் அர்ச்சனைக்கு இலை பறிக்கும் வில்வம்தான். ஏகிளி மார்மெலோஸ். வில்வம், நாரத்தை, எலுமிச்சை, கறிவேப்பிலை எல்லாம் ஒரே தாவரக் குடும்பம்.

ஆரஞ்சு என்ற சொல்லின் பயணமோ எதிர்த்திசை. சமஸ்கிருதத்தில் நாரங்க, பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ், ஸ்பானியத்தில் நரஞ்ஹா, பிறகு ஆரஞ்சு. இதன் வேர் திராவிட மொழிகளில், நம் நாரத்தையின் பக்கம் இருப்பதாக மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். உடனே "எல்லாம் நம்முடையதுதான்" என்று கிளம்பிவிடாதீர்கள். இந்தப் பழ இனங்களின் தாயகம் இமயமலையின் கிழக்கு அடிவாரம் என்கிறது மரபணு ஆய்வு. பழம் ஓரிடம், பெயர் ஓரிடம், பக்குவம் ஓரிடம். வரலாறு பெரும்பாலும் இப்படித்தான்.

நம் பகுதிக்கும் இதில் தொடர்பு உண்டு. பூந்தமல்லி கம்பெனி காலத்திலிருந்தே படைத்தளமாக இருந்தது. சீமையிலிருந்து வந்திறங்கிய வெள்ளைச் சிப்பாய்கள் அங்கே தங்கினார்கள். சென்னை ராணுவ அதிகாரி கென்னி ஹெர்பர்ட் 1878ல் எழுதிய சமையல் நூலில், கப்பலில் வந்த டப்பா உணவே கதி என்றிருந்த வெள்ளைக்காரக் குடும்பங்களைக் கடிந்துகொண்டு, உள்ளூர்ச் சந்தையில் கிடைப்பதை வைத்துச் சமைக்கச் சொன்னார். என் நாரத்தை மார்மலேடும் அவர் பேச்சைக் கேட்டதுதான்!

செய்முறை கேட்பவர்களுக்கு: பழுத்த நாரத்தையும் சாத்துக்குடியும் சேர்த்து அரை கிலோ, தண்ணீர் ஒரு லிட்டர், சர்க்கரை ஒரு கிலோ. சாற்றைப் பிழிந்து வையுங்கள். தோலை மெல்லிய கீற்றாக நறுக்குங்கள். விதையையும் உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையையும் மல் துணியில் முடிந்து, எல்லாவற்றையும் தண்ணீரில் இரவு முழுக்க ஊற விடுங்கள். உறைய வைக்கும் பெக்டின் அந்த விதையிலும் வெள்ளைச் சதையிலும்தான் இருக்கிறது, தூக்கிப் போடாதீர்கள். மறுநாள் தோல் விரலில் நசுங்கும் வரை வேக வைத்து, முடிச்சைப் பிழிந்து எடுத்துவிட்டு, அதன் பிறகே சர்க்கரை சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் தோல் வேகாமல் விறைத்துக்கொள்ளும். பிறகு பெருந்தீயில் 105 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கட்டும். வெப்பமானி இல்லையென்றால் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளுங்கள். சுருக்கம் விழுந்தால் பதம்.

பாட்டி போட்ட உப்பு நாரத்தங்காயும் இதுவும் கெடாமல் இருக்கக் காரணம் ஒன்றே. அங்கே உப்பு, இங்கே சர்க்கரை. இரண்டும் தண்ணீரைக் கட்டிப் பிடித்துக்கொள்வதால் கிருமிகள் வளர முடிவதில்லை.

அந்தக் குழந்தையிடம் அன்றே உண்மையைச் சொல்லிவிட்டேன். சற்று யோசித்து, "அப்போ வேற எதெல்லாம் தப்பா சொன்னீங்க தாத்தா?" என்றாள். சரியான கேள்வி. அப்பாவை விட நல்ல மாணவி!

என்னிடம் மேரி ராணி கதை கேட்டவர்கள் இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நான் சொன்ன வேறு எதிலாவது சந்தேகம் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். கதை எவ்வளவு இனித்தாலும், முதலில் ஆண்டைப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்,
அம்பத்தூர்.