குருதிக்குழாய்ப் பெயர்கள்: தமிழில் இரு வழக்குகள் உருவான வரலாறு

புதுதில்லி மந்திர் மார்க்கில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் மேல்நிலைப் பள்ளி ஒன்று உள்ளது. தமிழும் இந்தியும் அறிந்த அப்பள்ளி மாணவர் ஒருவர் தமிழ்நாட்டு உயிரியல் பாடநூலைப் புரட்டினால் தமனி, சிரை என்னும் சொற்கள் அவருக்குப் புதியனவாகத் தோன்றா. இந்தியிலும் அவை தமனி, சிரா என்றே வழங்குகின்றன. அவரே யாழ்ப்பாணத்துப் பாடநூலைக் காண்பாராயின் அதே குழாய்கள் அங்கு நாடி எனவும் நாளம் எனவும் பெயர் பெற்றிருத்தலைக் கண்டு வியப்பார். ஒரே மொழியில் ஓர் உறுப்புக்கு இருவேறு பெயர் வழக்கு எவ்வாறு அமைந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரை ஆராயுமுன் பொருளை நோக்குதல் வேண்டும். இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டு செல்வது ஒருவகைக் குழாய். இதயத்திற்கு மீட்டுக் கொணர்வது மற்றொரு வகை. இருவகைக்கும் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. முதல்வகையில் நடு அடுக்கு தடித்தும் மீள்தன்மை மிக்கும் இருக்கும். இதயம் சுருங்குந்தோறும் எழும் அழுத்தத்தைத் தாங்கி விரிந்து மீளும். அவ்விரிவே கைம்மணிக்கட்டில் துடிப்பாக உணரப்படுகிறது. இரண்டாம் வகையில் சுவர் மெல்லியது, அழுத்தம் குறைவு. கை கால்களில் உள்ள இவ்வகைக் குழாய்களில் குருதி பின்னோக்கி வழியாதபடி தடுக்கும் வால்வுகள் உண்டு. நல்ல குருதி செல்வது தமனி, கெட்ட குருதி செல்வது சிரை எனப் பலர் மனனம் செய்வது பிழையாகும். நுரையீரல் தமனி ஆக்சிஜன் குறைந்த குருதியையே சுமக்கிறது. ஆகவே திசையே இலக்கணம். குருதியின் தன்மை அன்று.

இப்பாகுபாடு பழந்தமிழில் இல்லை. நரம்பு என்னும் ஒரு சொல்லே தசைநாண், குருதிக்குழாய், யாழின் தந்தி ஆகிய அனைத்தையும் குறித்தது. புறநானூற்றின் 278ஆம் பாட்டில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதியவளின் தோளில் புடைத்துத் தோன்றும் நரம்பு, இன்றைய உடற்கூற்றியலின்படி தோலடியில் ஓடும் சிரையே ஆதல் வேண்டும். பிற்காலத்தில் உணர்வைக் கடத்தும் இழைக்கு நரம்பு என்னும் பெயர் உரியதாக்கப்பட்டபோது குருதிக்குழாய் பெயரிழந்து நின்றது.

சித்த மருத்துவம் நாடி என்னும் சொல்லை ஆண்டது. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், ஐயம் ஆகியவற்றைத் தேர்வது நாடி பார்த்தல் ஆகும். அச்சொல் துடிப்பையும் குறித்தது. உடலெங்கும் பரவியனவாகக் கருதப்பட்ட வழிகளையும் குறித்தது. (திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் வரும் 'நாடி' ஆராய்ந்து எனப் பொருள்படும் வினையெச்சம், அதனை இப்பெயர்ச்சொல்லோடு இணைத்துப் பேசுவது பொருந்தாது.)

வடமொழி மருத்துவமும் இன்றைய பொருளில் இச்சொற்களை வழங்கவில்லை. சுசுருத சங்கிதை சிரைகள் 700, தமனிகள் 24 எனக் கணக்கிடுகிறது. தமனி என்பது ஊதுதல் எனப் பொருள்படும் வேரினின்று பிறந்தது. ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான கிரேக்க 'ஆர்த்தீரியா' என்பதும் முதலில் மூச்சுக்குழாயைக் குறித்ததே. இறந்த உடலில் இக்குழாய்கள் பெரும்பாலும் வெறுமையாகக் காணப்பட்டமையால் அவற்றுள் காற்றே இயங்குவதாகக் கிரேக்கர் சிலர் கருதினர். வில்லியம் ஹார்வி 1628இல் குருதிச் சுற்றோட்டத்தை நிறுவிய பின்னரும் பழம்பெயர் மாறவில்லை.

தமிழில் இப்பொருளை விரிவாகக் கற்பிக்கும் தேவை யாழ்ப்பாணத்தில் எழுந்தது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில் பயின்றோர் அரசுப் பணிக்குச் செல்வதையே நாடினர். ஊர்களில் தங்கி மருத்துவம் செய்வோரை உருவாக்கும் அவருடைய நோக்கம் நிறைவேறவில்லை. 1864 முதல் அவர் தமிழிலேயே கற்பித்தார். அதற்குமுன்பே, 1857இல், கட்டர் என்பாரின் நூல் 'அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்' என வெளிவந்திருந்தது. கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆயிற்று. கிரேயின் நூல் குருதிக்குழாய்களைக் கிளை கிளையாக விவரிப்பது. கிளைதோறும் பெயர் வேண்டுவது. மொழிபெயர்ப்பு என்பது இங்கே பெயரிடுதலாகவே அமைந்தது எனலாம். தமிழில் உள்ள சொல்லை முதலில் தேடுதல், இல்லையேல் வடமொழியை நாடுதல், அதுவும் இயலாதபோது ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்தல் என்பது கிறீன் கொண்ட நெறி. நூற்பெயர்களை நோக்கின் இரண்டாம் வழியே மிகுதியும் கைக்கொள்ளப்பட்டமை புலனாகும்.

நாடி, நாளம் வழக்கைக் கிறீன் ஒருவருக்கே உரித்தாக்குதல் மிகையாகும். எனினும் அவர் தொடங்கிவைத்த மருத்துவத் தமிழ் மரபு ஈழத்தில் இருந்தது. 1950களில் தாய்மொழிக் கல்வி விரிவடைந்தபோது அங்கு அரசே கலைச்சொல் தொகுதிகளை வெளியிட்டது. தமிழ்நாட்டில் 1916இல் சேலத்தில் இராசாசியும் வெங்கடசுப்பையரும் தொடங்கிய சங்கம், 1936இல் விபுலானந்தர் தலைமையில் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாடு என வேறொரு வழியில் அம்முயற்சி நடந்தது. இரு கரைக்கும் உரியவரான விபுலானந்தர் நடுவே நின்றும் இரு வழக்குகளும் ஒன்றாகாமை எண்ணத்தக்கது.

ஈழ வழக்கே தூயதமிழ் என்பார் கூற்றும் ஆய்வில் நிலைபெறாது. நாடி, நாளம் இரண்டும் உள்துளையுடைய தண்டு எனப் பொருள்படும் வடசொற்களோடு தொடர்புடையவை. அவ்வழக்கின் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. துடிக்கும் குழாய்க்கு நாடி என்னும் பெயர் வாய்த்தமையால் மணிக்கட்டில் வைத்தியர் உணர்வதும் பாடநூல் விளக்குவதும் ஒன்றே என்பது கற்பவர்க்கு உடனே புலனாகிறது. தமனி என்னும் சொல் தமிழ்ச் செவிக்கு அவ்வாறு எதனையும் உணர்த்துவதில்லை.

இடர்ப்பாடு நாளம் என்னும் சொல்லில்தான் நேர்கிறது. தமிழ்நாட்டில் இரத்த நாளம் என்பது எல்லாக் குருதிக்குழாய்க்கும் பொதுப்பெயர். நாளமில்லாச் சுரப்பி என்னும் தொடரில் அது வெறும் குழாயையே குறிக்கிறது. ஈழத்திலோ நாளம் என்பது சிரை மட்டுமே. 'நாளத்தில் அடைப்பு' என ஈழத்தவர் எழுதுவதைத் தமிழ்நாட்டு வாசகர் இதயத் தமனியின் அடைப்பாகக் கொள்ள இடமுண்டு. இரண்டும் வேறு நோய்கள், மருத்துவமும் வேறு. இதயத் தமனியை ஈழத்தார் முடியுரு நாடி என்பர். இதயத்தை முடிபோல் சூழ்வது என்னும் உருவகம் இலத்தீனிலிருந்து வந்தது.

தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களை 1661இல் மால்பீகி தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வழியாகக் கண்டார். ஓரடுக்கு உயிரணுக்களால் ஆன அச்சுவரின் வழியே ஆக்சிஜனும் ஊட்டமும் திசுக்களுக்குச் செல்கின்றன. தமிழ்நாட்டில் இது தந்துகி. நூல் எனப் பொருள்படும் தந்து என்பதன் வழி வந்தது. ஈழத்தில் மயிர்த்துளைக்குழாய், மயிரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் பெயர்ப்பு. உண்மையில் அக்குழாய் தலைமயிரினும் பன்மடங்கு நுண்ணியது.

பாடநூலுக்கு வெளியே, தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் சிரைவழி மருந்து செலுத்துவதை மக்கள் இன்றும் 'நரம்பு ஊசி' என்றே கூறுகின்றனர்.